புதுசும் அரைடிக்கெட்டும்

போன வாரம் அக்காவைக் கையில் பென் டிரைவோடு கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். அவள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். இடையில் ஒரே ஒரு நாள்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் ஒரு பெரிய காரியம் செய்து, அதைக் கோட்டையும் விட்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம். அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. அவளுக்குப் பதிமூன்று வயது இளையவன் தம்பி. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம், அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறான். ஆனால் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

அம்மா ஆஸ்பத்திரியில் உயிரை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவன் வந்து சேர்ந்தான். "இப்படி இருக்காங்கன்னு எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டான். "அம்மாதான்டா சொல்ல வேண்டாம்னாங்க," என்றாள் இவள். "செத்தவங்க மேல பழி போடாத," என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அன்றைக்கே அவள் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டான்.

அவள் சொன்னது பொய்யில்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அம்மா கடைசி நாளில் தம்பிக்காகப் பேசியதை அக்கா ஃபோனில் பதிவு செய்திருந்தாள். பதினோரு நிமிஷம். அந்த ஃபோன் எப்போதோ உடைந்து போயிற்று. பதிவு இருப்பது அவளுடைய பழைய லேப்டாப்பில் மட்டும். அந்த லேப்டாப் போன மாதம் ஒரு நாள் திறக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. பழுது பார்க்கும் கடைக்காரர், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம், ஒரு மணி நேர வேலை," என்றார். அக்கா லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்போதுதான் கண்ணாடிக் கடையில் யாரோ, கம்ப்யூட்டரை ஓட்ட லினக்ஸ் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். விலை கிடையாது, பென் டிரைவிலிருந்தே ஓடும், உள்ளே செத்துக் கிடக்கிற சிஸ்டத்தைத் தொடாமல் ஃபைலை எடுத்துவிடலாம். தமிழில் உதவி செய்ய இணையத்தில் ஒரு குழுவும் இருக்கிறதாம். அக்கா "புதுசு" என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதில் சேர்ந்தாள். அவளுடைய முதல் கேள்விக்கே பதில் சொன்னவர் பெயர் "அரைடிக்கெட்".

பதினாலு வயது வரை பஸ்ஸில் பாதி டிக்கெட்டிலேயே போய் வந்த தம்பிக்கு அம்மா வைத்த பெயர் அது. போதாததற்கு அந்தப் பதிலின் முதல் வரி: "பதறாதீங்க. பதறினா பாதி வேலை கெட்டுடும்." இது அம்மாவின் பேச்சு, அட்சரம் பிசகவில்லை. அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவான் என்று பயம்.

அந்த பயத்தோடுதான் இந்த வாரம் விடிந்திருக்கிறது.

கடைக்கு வார விடுமுறை. காலை எட்டரை மணிக்கு அக்கா பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை முடுக்கினாள். திரையில் இரண்டு வாசல்கள் வந்தன. ஒன்று, "நிறுவு." இன்னொன்று, "நிறுவாமல் பயன்படுத்திப் பார்." முதலாவதன் கீழே வட்டில், அதாவது ஹார்டு டிஸ்கில், உள்ளதெல்லாம் அழியும் என்று ஒரு எச்சரிக்கை இருந்தது. நேற்றைப் போலவே இரண்டாவதைத் தட்டினாள்.

உள்ளே போனதும் மறுபடி இங்கிலீஷில் நின்றது. நேற்றுத்தான் தமிழுக்கு மாற்றினாள். வைஃபை ரகசியச் சொல்லையும் புதிதாகக் கேட்டது. "நேத்துதானே சொன்னேன், தொலைச்சிட்டியா?" என்று அலுத்துக்கொண்டே கொடுத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் இப்போதெல்லாம் பாத்திரத்தோடும் பேசுவாள், கம்ப்யூட்டரோடும் பேசுவாள்.

பிறகு ஆவணங்கள் என்ற பெட்டியைத் திறந்தாள். காலி.

நேற்று சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரை உட்கார்ந்து தம்பிக்கு ஒரு கடிதம் அடித்திருந்தாள். மூன்று வருஷமாக மனசில் வைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தது. சேமித்துவிட்டு, நிம்மதியாக அணைத்துவிட்டுப் படுத்தாள். இப்போது ஒரு வரி கூட இல்லை.

அந்த லேப்டாப்பிலேயே குழுவைத் திறந்து எழுதினாள். "நேத்து எழுதி வச்சதைக் காணோம். சேமிச்சேன். சத்தியமா சேமிச்சேன்."

"அரைடிக்கெட் எழுதுகிறார்…" என்று கீழே வந்தது. இந்த ஒரு வரியைப் பார்ப்பதில் அக்காவுக்கு அப்படி ஒரு சுகம். மூன்று வருஷமாக எந்த ஃபோனையும் எடுக்காதவன் தனக்காக விரலை அசைக்கிறான்.

"பதறாதீங்க சார். பென் டிரைவுல இருந்து ஓடுறப்போ அது எதையும் ஞாபகம் வச்சுக்காது. வாடகைக்கு வீடு பாக்கப் போற மாதிரின்னு வச்சுக்கோங்க. உள்ள சுத்திப் பாக்கலாம், குழாயைத் திறந்து பாக்கலாம், ஜன்னல் கதவு சாத்துதான்னு பாக்கலாம். ஆனா உங்க துணிமணியை அலமாரில வச்சிட்டு வந்தா மறுநாள் இருக்காது. அணைச்சதும் எல்லாத்தையும் துடைச்சிடும். நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். என் தப்பு."

மூன்று வருஷமாக அக்கா என்று கூப்பிடாதவன் இன்றைக்கு சார் என்று கூப்பிடுகிறான், மன்னிப்பும் கேட்கிறான். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"போனது போகட்டும்," என்று அடித்தாள். "எனக்கு உள்ளே இருக்கிற ஒரு ஃபைல்தான் முக்கியம்."

"லேப்டாப்புக்குள்ள ஏதாவது சத்தம் வருதா சார்?"

காதை வைத்துக் கேட்டாள். "டிக் டிக்னு வருது. விட்டு விட்டு வருது."

"அப்போ இது சிஸ்டம் கோளாறு இல்ல. உள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க் உயிரை விட்டுட்டு இருக்கு. இன்னிக்கே எடுத்துடணும். ஒரு தடவை அணைச்சா திரும்ப முழிச்சுக்கும்னு நான் சொல்ல முடியாது. கையில இன்னொரு பென் டிரைவ் இருக்கா?"

இருந்தது. கடையில் ஃபிரேம் படங்கள் ஏற்றி வைத்திருந்த பென் டிரைவை, முதல் பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிய அன்றைக்கே, முதலாளி "என் பில் கம்ப்யூட்டர்ல என்னம்மா சமைக்கிற?" என்று கேட்கக் கேட்க, கெஞ்சி வாங்கி வந்திருந்தாள்.

உள் வட்டைச் சோதித்துப் பார்க்க அவன் ஒரு வரி அனுப்பினான். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து அதில் அப்படியே அடிக்க வேண்டும். இடைவெளி விட வேண்டிய இடத்தில் விட வேண்டும், ஒரு புள்ளி பிசகக் கூடாது. மயிரிழை தப்பினாலும் லென்ஸ் விரிசல் விடும் என்று தெரிந்தவளுக்கு இது ஒன்றும் பெரிசில்லை. சரியாக அடித்தாள்.

"சபாஷ். இது முடிய இருபது நிமிஷம் ஆகும். போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அவள் போகவில்லை. இந்த இருபது நிமிஷத்தை விட்டால் அவனோடு பேச வேறு எப்போது வாய்க்கும்?

"ஒண்ணு கேக்கலாமா? இதைச் செஞ்சவங்களுக்கு யார் சம்பளம் குடுக்கறாங்க?"

"சில பேருக்கு கம்பெனி குடுக்குது. நெறைய பேருக்கு யாரும் குடுக்கறதில்ல. கட்டற்ற மென்பொருள்னா அதுதான் சார். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். மூடி வச்சு விக்கிறதில்ல. உங்களுக்குக் கண்ணாடிக் கடைன்னு சொன்னீங்கல்ல? நீங்க லென்ஸ் எப்படித் தேய்க்கிறீங்கன்னு கடை வாசல்ல எழுதி ஒட்டி வச்ச மாதிரி."

"முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்."

அவன் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். குழுவில் இன்னொரு ஆள், "பழைய மவுஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டவர், அவரும் இரண்டு பொம்மை அனுப்பினார்.

"நீங்க ஏன் லீவு நாள்ல உக்காந்து எனக்குச் சொல்லித் தர்றீங்க?" அடித்துவிட்டு, கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான் என்று நினைத்தாள். அனுப்பியும் விட்டாள்.

"எழுதுகிறார்" வந்தது. வெகு நேரம் இருந்தது.

"எங்கம்மா போன புதுசு சார். ஒரு ரூம்ல தனியா இருந்தேன். யார்கிட்டயும் பேசப் பிடிக்கல, பேசாம இருக்கவும் முடியல. என் கம்ப்யூட்டர்ல ஏதோ தகராறு, இந்தக் குழுல கேட்டேன். யாருன்னே தெரியாத ஒருத்தர் மூணு மணி நேரம் சொல்லிக் குடுத்தார். கடைசில 'சாப்டீங்களா'ன்னு கேட்டார். ஒரு வாரத்துல என்னை அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே வாரம் அவள் இந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை.

விரல் தானாகப் போயிற்று. "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"எழுதுகிறார்" வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது.

"இல்ல சார்."

அவ்வளவுதான். அக்கா எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். துண்டை எடுத்து அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். செத்துப் போனவர்களில் ஒருத்தியாக அவளையும் சேர்த்துவிட்டான். எதிரில் நின்று திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. தெரியாத ஆளிடம் அமைதியாகச் சொன்னானே, அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது சோதனை முடிந்திருந்தது. அவன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

"சார், இருக்கீங்களா? நல்ல சேதி. டிஸ்க் திறந்திடுச்சு. எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். நமக்கு அது போதும். இப்போ இந்த வரியை அடிங்க. உள்ள இருக்கிற ஃபைல் பேரெல்லாம் வரிசையா வரும். உங்களுக்கு எது வேணும்னு பாத்து, அந்தப் பேரை மட்டும் இங்க போடுங்க."

அடித்தாள். பெயர்கள் சரசரவென்று இறங்கின. கடை படங்கள், கரண்ட் பில், அம்மாவின் மருந்துச் சீட்டுகள். ஒரு பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுக்க அவளுக்கு இன்னும் பழகவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து, குழுவில் ஒட்டி, அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் படித்தாள்.

நடுவில் ஒரு வரி: "அம்மா பேசியது - அரைடிக்கெட்டுக்கு."

ஐயோ! மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே வைத்த பெயர். அழிக்கலாம் என்று தடவினாள். எங்கே அழிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் பழைய மவுஸ் முந்திக்கொண்டார்.

"அரைடிக்கெட் அண்ணே, ஃபைல்ல உங்க பேர் இருக்கே! எப்போலேர்ந்து இவ்ளோ பிரபலமானீங்க?"

"எழுதுகிறார்" வரவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி இன்னும் கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு அதுவும் சாம்பலானது.

"இருக்கீங்களா?" என்று எழுதினாள். பத்து நிமிஷம் கழித்து, "தம்பி" என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள்.

உள்ளே டிக் டிக் சத்தம் நெருங்கி நெருங்கி வர ஆரம்பித்தது.

இனி கேட்க ஆளில்லை. அவளாகத்தான் செய்தாக வேண்டும். கடை பென் டிரைவைச் செருகினாள். அவன் இதுவரை அனுப்பியதையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். எந்த வரி எதற்கு என்று அவன் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதியிருந்தான். நகலெடுக்கிற வரி இரண்டு நாளைக்கு முன்னால் வேறு யாருக்கோ சொன்னதில் இருந்தது. அதில் ஃபைல் பெயரை மட்டும் மாற்றினாள். முதல் தடவை அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும் என்று அவன் எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். போட்டாள்.

கறுப்பு ஜன்னல் அசையாமல் நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு அடுத்த வரிக்குக் காத்திருக்கும் கோடு வந்து கண் சிமிட்டியது. பென் டிரைவைத் திறந்து பார்த்தாள். ஃபைல் இருந்தது. "வந்துடுச்சு!" என்று கத்தினாள். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பாள்.

முழுசாக வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டுமே. தட்டினாள்.

அம்மாவின் இருமல். அப்புறம் குரல். "எலேய் அரைடிக்கெட்டு, நல்லா இருக்கியா? வேலைல சேர்ந்து ஒரு மாசம்தான் ஆவுது. நீ பாட்டுக்கு லீவு போட்டுட்டு ஓடி வந்துடாத. அக்காகிட்டயும் சொல்லிட்டேன், உனக்குச் சொல்ல வேண்டாம்னு. அவளைக் கோவிச்சுக்காத, என்ன?" இப்படியே பத்து நிமிஷம். சாப்பாடு, துணி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது.

இந்தப் பத்து நிமிஷத்தை அவன் கேட்டால் போதும், கோபமெல்லாம் பறந்துவிடும். அப்படியானால் மூன்று வருஷமாக ஏன் அனுப்பவில்லை? நம்பரைத் தடுத்தால் என்ன, தபாலில் போட்டிருக்கலாமே? "அக்கா சொன்னா நம்ப மாட்டானா? சாட்சி காட்டினாத்தான் நம்புவானா?" என்று ரோஷம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ரோஷத்தை அவளே நம்பியும் விட்டாள்.

உண்மையான காரணம் பதினோராவது நிமிஷத்தில் இருந்தது.

அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்கிறாள். "ஏம்மா, என்னால முடியலடி. அவனைப் பாக்கணும் போல இருக்கு. சொல்லிட்டியா? வர்றானா?"

அக்காவின் குரல். "சொல்லிட்டேம்மா. வந்துட்டு இருக்கான்."

அப்போது மணி சாயங்காலம் ஐந்து. அவள் சொல்லவே இல்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் சொல்லிக்கொள்ளலாம், பாவம் வேலை கெட வேண்டாம் என்று நினைத்தாள். காலையில்தான் கூப்பிட்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள், அது அக்காவுக்குத் தெரியும். நேற்று மூன்று மணி நேரம் அடித்த கடிதத்தில் இந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி ஒரு எழுத்து கூட இல்லை.

மதியம் ஒன்றரைக்கு ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ… நீங்க அவரோட அக்காதானே?" பெண் குரல், சின்ன வயசுக் குரல்.

"எவரோட?"

"அரைடிக்கெட்." சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே தடுமாறினாள். "கம்ப்யூட்டர்ல அந்தப் பேர்தான் பாத்தேன். நான்… அவரோட வீட்டுக்காரி பேசறேன், அண்ணி."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"பதினாலு மாசம் ஆச்சு. உங்களைக் கூப்பிடுங்கன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல."

"பரவால்லம்மா," என்றாள் அக்கா. "நல்லா இருங்க ரெண்டு பேரும். நல்லா இருங்க." தம்பி கல்யாணத்துக்கு இப்படி ஃபோனில்தான் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது.

"அவர் காலைலேர்ந்து ரூம் கதவைச் சாத்திட்டு உள்ளயே இருக்கார் அண்ணி. இப்பதான் திறந்தார். உங்க நம்பரை எழுதிக் குடுத்து, ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொன்னார். அவரால கேக்க முடியலயாம்."

"என்ன கேக்கணுமாம்?"

"கடைசில… அம்மா அவரைத் தேடினாங்களான்னு."

சுலபமான பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. தேடல, நிம்மதியா போயிட்டாங்க. அவனுக்கும் அது ஆறுதல், இவளுக்கும் வசதி. முதல் பத்து நிமிஷத்தை மட்டும் வெட்டி அனுப்பினால் யாருக்குத் தெரியப் போகிறது? அதற்கும் இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வழி இருக்கும். கேட்டால் எவனாவது சொல்லியும் கொடுப்பான்.

"தேடினாங்க," என்றாள் அக்கா.

அந்தப் பெண் ஃபோனைத் தள்ளி வைத்துக்கொண்டு யாரிடமோ மெதுவாகச் சொல்வது கேட்டது. "தேடினாங்களாம்."

"இன்னும் இருக்கும்மா. அதையும் சொல்லு. சொல்லிட்டியா, வர்றானான்னு அம்மா கேட்டாங்க. வந்துட்டு இருக்கான்னு சொன்னேன். அப்போ நான் அவனுக்குச் சொல்லவே இல்ல. மறுநாள் காலைலதான் சொன்னேன். அம்மா மேல தப்பில்ல. நான்தான்."

அந்தப் பெண் இதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"இதை நான் சொல்ல மாட்டேன் அண்ணி," என்றாள் கடைசியில். "நீங்களே சொல்லிடுங்க."

ஃபோன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு மூச்சு மட்டும் வந்தது. சளி பிடித்த மூச்சு மாதிரி, அழுது முடித்தவனின் மூச்சு. வைத்துவிடவும் இல்லை.

"டேய்," என்றாள் அக்கா. "நான்தான்டா."